மன்னார்க் கடவையில் விரைவின் வரலாறு

பந்தயத் தடத்திலே ஓட்டக் காரும் மோட்டார் சைக்கிளும் ஒருங்கே நிறுத்தப்படுங்கால், அவற்றுள் விரைவு மிக்கது யாது என்னும் வினா இளைஞர் நாவில் எழுதல் இயல்பு. எடை குறைந்த மோட்டார் சைக்கிள் புறப்படும் கணத்தில் முந்துதலும், நான்கு சக்கரங்களால் நிலத்தைப் பற்றி நிற்கும் கார் வளைவுகளில் அதனை மேற்கொள்ளுதலும் பலரும் அறிந்தனவே. ஆகவே ஓர் ஊர்தியின் விரைவு அதன் இயந்திரத்தை மட்டும் பொறுத்ததன்று. அது செல்லும் வழியையும் பொறுத்தது என்பது பெறப்படும். இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது மன்னார்த் தீவின் வரலாறாகும். தோணி, நடைப் பயணம், நீராவிக் கப்பல், புகையிரதம் ஆகிய நான்கும் ஒன்றன்பின் ஒன்றாய் இக்கரையிலே மனிதரைச் சுமந்தன. அவற்றை ஒப்பிட்டு நோக்குங்கால் எழும் வினா, எது விரைந்தது என்பது மட்டுமன்று; யாருக்காக விரைந்தது என்பதுமாம்.

தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடைப்பட்ட கடல் ஏறத்தாழ 20 மைல் அகலமுடையது. சேது என வழங்கும் மணற்றிட்டுகள் இடையிட்டுக் கிடத்தலால், பெருங்கப்பல் அதனை ஊடறுத்துச் செல்லுதல் இயலாது. ஆழங்குறைந்த அடிப்பாகம் உடைய தோணிக்கோ அக்கடல் பழகிய தெருவாக இருந்தது. ஆயினும் தோணியின் விரைவு தோணியிடம் இல்லை, காற்றினிடமே இருந்தது. காற்று இசைந்த நாளில் ஒரு பகற்பொழுதிற் கடக்கத்தக்க கடலை, வாடையோ சோளகமோ சீறி எழுந்த காலத்தில் நாட்கணக்கிற் கரையில் நின்று பார்த்திருக்க நேர்ந்தது.

19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மலைநாட்டிலே கோப்பித் தோட்டங்கள் பெருகின. மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் முதலிய பகுதிகளினின்றும் வறுமையால் உந்தப்பட்ட மக்கள் கங்காணிமாரின் தலைமையில் இக்கடலைத் தாண்டினர். மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள் மதவாச்சி, தம்புள்ளை வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்தே செல்லவேண்டியிருந்தது. நாளொன்றுக்குப் பத்து மைல் நடப்பினும் அது பதினைந்து நாட் பயணமாகும். நீரற்ற காடும், மலேரியாக் காய்ச்சலும், வாந்திபேதியும், வைசூரியும் அவ்வழியிற் காத்திருந்தன. நோயுற்றவன் நடக்கவியலாது பின்தங்கினான். பின்தங்கியவன் பெரும்பாலும் மீளவில்லை. மாண்டோர் தொகை எவ்வளவு என்பது அக்காலத்திலேயே அரசினரும் துரைமாரும் வழக்காடிய ஒன்று. ஆனால் அவ்வழி மிகப் பலரின் உயிரைக் கொண்டது என்பதில் ஐயமில்லை. கிணறுகளும் தங்குமடங்களும் மருத்துவ விடுதிகளும் பின்னரே அமைக்கப்பட்டன. வழிச்செலவுக்கெனக் கங்காணி கொடுத்த முன்பணம் தொழிலாளியின் கணக்கிற் கடனாக ஏறியமையால், நடந்து வந்தவன் தோட்டத்தை அடையும்போதே கடனாளியாயிருந்தான்.

இங்கே ஒரு முரண்பாடு கவனிக்கத்தக்கது. கொழும்பிலிருந்து கண்டிக்குப் புகையிரதப் பாதை 1867 ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. தோட்டத்திலிருந்து துறைமுகத்திற்கு இறங்கும் கோப்பி மூட்டை நீராவியின் வேகத்திற் சென்றது. அக்கோப்பியை விளைவிக்க வந்தவனோ வடக்கு வழியே கால்நடையாய்ச் சென்றான். விளைபொருளுக்குக் கிடைத்த விரைவு விளைவித்தவனுக்குக் கிடைக்கவில்லை. அந்நூற்றாண்டின் இறுதியில் வடக்கு வழி கைவிடப்பட்டு, தூத்துக்குடியினின்றும் கொழும்புக்கு நீராவிக் கப்பலில் தொழிலாளரை அழைத்துவரும் முறை நிலைபெற்றது. காற்றின் தயவை வேண்டாத அக்கப்பலே முதன்முதலாகக் குறித்த நாளிற் கரை சேர்வதை உறுதியாக்கிற்று.

1914 ஆம் ஆண்டு இக்கடவையின் வரலாற்றிற் பெருந்திருப்பமாகும். அவ்வாண்டு பெப்ரவரித் திங்களிற் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. ஈழத்திலே மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்கு 66 மைல் நீளமான புகையிரதப் பாதையும் அவ்வாண்டிலேயே பயன்பாட்டிற்கு வந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடிற்று. இவ்விணைப்பையே மக்கள் ‘போட் மெயில்’ என்றனர். மணிக்கு இருபது மைல் வீதம் ஓடும் வண்டியும் மதவாச்சிக்குச் சற்றேறக்குறைய மூன்றரை மணி நேரத்திற் சென்றடையும். அதே தொலைவைக் கால்நடையாய்க் கடக்க ஆறேழு நாட்கள் வேண்டும். மாலையிற் கொழும்பிற் புறப்பட்ட பயணி மறுநாள் இந்தியக் கரையை மிதித்தான்.

எனினும் விரைவு புதியதோர் அச்சத்தையும் உடன்கொணர்ந்தது. நடந்து சென்ற காலத்தில் நோய் வழியிலேயே வெளிப்பட்டது. நோயாளியும் வழியிலேயே மாண்டான். புகைவண்டியிலோ, நோய்க்குறி தோன்றுமுன்னரே மனிதன் மலைநாட்டை அடைந்துவிடக் கூடும். இதனைத் தடுத்தற்பொருட்டு இலங்கை அரசினர் மண்டபத்திலே தொற்றுத்தடை முகாம் ஒன்றை நிறுவினர். அங்கே தோட்டத் தொழிலாளர் நாட்கணக்கிற் தங்கவைக்கப்பட்டுச் சோதிக்கப்பட்ட பின்னரே கடல் கடந்தனர். கப்பலும் வண்டியும் ஒன்றே. மேல்வகுப்புப் பயணியின் பயணம் ஓரிரவு, தொழிலாளியின் பயணம் பல நாள். தடுப்பு முறை நோயைக் கருதியவிடத்து முறையானதே. ஆயினும் ஊர்தியின் வேகத்தைக் கொண்டு மனிதனின் வேகத்தை அளந்துவிட முடியாது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

1947 டிசம்பரில் இரத்மலானையினின்றும் காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு எயார் சிலோன் டக்கோட்டா வானூர்தி பறந்தது. விரைவு வேண்டியோர் வானை நாடலாயினர். கடவை எளியோரின் வழியாகவே எஞ்சிற்று. 1964 அக்டோபர் 30 ஆம் நாள் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும் என்றும் அது வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் ஆராயப்படுவதாயிற்று. இரு திங்களுக்குள், டிசம்பர் 22 ஆம் நாள் இரவு எழுந்த பெரும்புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளுடன் புகைவண்டி ஒன்றையும் கடல் கொண்டது. அதன்பின் இராமேசுவரத்திற்கும் தலைமன்னாருக்குமிடையே ஓடிய ‘இராமானுஜம்’ கப்பலிலேயே மலையக மக்களிற் பெருந்தொகையினர் அனுப்பப்பட்டனர். பாட்டனார் பதினைந்து நாள் நடந்து ஏறிய நாட்டைப் பேரன் ஓரிரவில் விட்டிறங்கினான். அவ்விரைவு அவனுக்கு வரமாயிற்று என்று கூறுவார் இலர்.

போரினால் 1984 ஆம் ஆண்டளவிற் கப்பல் நின்றது. 1990 இல் தலைமன்னார்ப் புகையிரதமும் நின்றது. இந்திய உதவியுடன் மீள அமைக்கப்பட்ட பாதையிலே 2015 மார்ச் 14 ஆம் நாள் வண்டி மீண்டும் தலைமன்னாரை அடைந்தது. பாம்பனிலோ 2025 ஏப்ரலிற் புதிய பாலம் திறக்கப்பட்டது. இரு கரைகளிலும் இருப்புப்பாதை உண்டு. இடையிலுள்ள இருபது மைற் கடலைக் கடக்கும் கப்பல் மட்டும் மீளவில்லை.

தோணியினும் கப்பல் விரைந்தது; நடையினும் புகையிரதம் விரைந்தது; இவை கணக்கில் ஐயமற்றன. ஆனால் ஒரு வழியின் சிறப்பை அறிய விழைவார் அதில் முந்திச் சென்றவனை மட்டுமன்றி, பின்தங்கி வீழ்ந்தவனையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். மன்னாரிலிருந்து மாத்தளை வரை கல்லறையின்றிக் கிடப்போர் அக்கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியவராவர்.