கல்கத்தா வகுத்த வானிலைக் கணக்கு

ஆடி மாதத்தில் ஒரு காலை, லேக் மார்க்கெட் காய்கறிக் கடையில் நம்மவர் இருவர் சந்தித்தால் பேச்சு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். "நேத்து எண்பது மில்லிமீட்டராம் சார்!" "இல்லையே, முப்பதுதானே போட்டிருக்கான்?" இருவரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் பார்த்தது ஆலிப்பூர் கணக்கு. மற்றவர் பார்த்தது டம்டம் விமான நிலையத்துக் கணக்கு. உலக வானிலை அமைப்பின் பட்டியலில் ஆலிப்பூருக்கு 42807, டம்டமுக்கு 42809 என்று தனித்தனி எண் உண்டு. சென்னையிலும் அப்படித்தான்: நுங்கம்பாக்கம் 43278, மீனம்பாக்கம் 43279.

எந்த இடம், எந்த நேரம், எந்தக் கருவி, எந்த அலகு என்ற விவரம் இல்லாத அளவீடு வெறும் எண்தான். இந்த விவரத்தைக் கணினிக்காரர்கள் மெட்டாடேட்டா என்கிறார்கள். எண்ணின் ஜாதகம் என்று நாம் வைத்துக்கொள்ளலாம். வானிலை எண்களுக்கு நாடு முழுவதற்கும் ஒரே முறையில் ஜாதகம் எழுதும் வேலை தொடங்கியது நாம் குடியிருக்கும் இந்த ஊரில்தான்.

எவரெஸ்ட் உயரத்தைக் கணக்கிட்ட ராதாநாத் சிக்தார் பெயரைப் பிள்ளைகள் பள்ளியில் படித்திருப்பார்கள். அவர் 1852 முதல் கல்கத்தாவின் வானிலை ஆய்வகத்துக்கும் பொறுப்பாளராக இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. பாரோமீட்டரில் இருக்கும் பாதரசம் வெயிலில் விரியும். காற்றழுத்தம் மாறாமல் இருந்தாலும் மார்கழிக் காலையில் ஒரு அளவும் சித்திரை மதியத்தில் வேறொரு அளவும் காட்டும். ஒவ்வொரு அளவையும் 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில் எடுத்தது போலத் திருத்திக்கொள்ள சிக்தார் சூத்திரம் வகுத்தார். பக்கத்தில் வெப்பநிலையைக் குறித்து வைத்தால்தான் அந்தச் சூத்திரம் பயன்படும்.

1864 அக்டோபர் 5-ல் வந்த புயலில் ஹூக்ளியில் கடல் ஏறி வந்தது. மாண்டவர் 60,000 பேர் என்பார்கள். காஸ்ட்ரெல், பிளான்ஃபோர்ட் என்ற இருவர் கப்பல்களிலும் கரையிலும் எடுத்த குறிப்புகளைத் திரட்டி 1866-ல் அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஆண்டு ஒரிசாவிலும் வங்காளத்திலும் பஞ்சம். மழையையும் புயலையும் மாகாணத்துக்கு ஒரு விதமாக அளந்தால் சரிப்படாது என்பது அரசுக்கு உறைத்தது. 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. தலைமையகம் கல்கத்தா, தலைவர் அதே பிளான்ஃபோர்ட். எப்படி அளப்பது, எப்படிப் பதிவது என்று அவர் கையேடே எழுதினார். தலைமையகம் பிறகு 1905-ல் சிம்லாவுக்கும், 1928-ல் புனேவுக்கும், 1944-ல் டெல்லிக்கும் போய்விட்டது.

கடிகாரச் சிக்கல் மட்டும் எளிதில் தீரவில்லை. கல்கத்தா நேரம் சென்னை நேரத்தைவிட அரைமணிக்கு மேல் முந்தியது. 1906-ல் இந்தியப் பொது நேரம் வந்த பிறகும் இந்த ஊர் 1948 வரை தன் நேரத்தை விடவில்லை! வங்கக் கடலில் புயல் வரும்போது இரண்டு ஊர்க் குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவருக்கு அந்த அரைமணி பெரிய விஷயம்.

கணினி வந்த பிறகும் இதே கதைதான். பருவநிலையைக் கணிக்கும் மாதிரிகளை ஓட்டிய நிலையங்கள் விடைகளை அவரவர் பாணியில் சேமித்தன. எழுதியவர் வேலையை விட்டுப் போனால் கோப்பு ஊமையாகிவிடும். அமெரிக்காவின் போல்டர் நகரில் உள்ள யூனிடேட்டா 1980களின் கடைசியில் நெட்சிடிஎஃப் என்ற கோப்பு வடிவத்தை உருவாக்கியது. இதில் எண்ணோடு ஜாதகமும் கோப்புக்குள்ளேயே பயணம் செய்யும். ஆனால் வெப்பநிலைக்கு ஒருவர் ஒரு பெயரும் இன்னொருவர் வேறு பெயரும் வைத்தால்? அதற்குத்தான் சிஎஃப் விதிகள். முதல் பதிப்பு 2003-ல் வந்தது. இவ்விதிகளின்படி மாதிரிகள் தரும் மழைக்கு அலகு, சதுர மீட்டருக்கு வினாடிக்கு இத்தனை கிலோ. 0.0001 என்று பார்த்தவுடன் மழையே இல்லை என்று நினைப்போம். 86,400 வினாடியால் பெருக்குங்கள், நாளுக்கு 8.64 மில்லிமீட்டர்!

எந்த நாட்காட்டி என்றும் அதில் எழுத வேண்டும். பிரிட்டனின் ஹாட்லி மையத்து மாதிரிகள் சிலவற்றில் ஆண்டுக்கு 360 நாள்தான். இதில் நாம் சிரிக்க ஒன்றுமில்லை. சித்திரைப் பிறப்புக்கு நம் வீட்டில் பாயசம் வைத்தால், பக்கத்து வீட்டு பொய்லா பொய்ஷாக் பெரும்பாலும் மறுநாள்தான் வருகிறது.

புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தின் மாதிரியும் உலக ஒப்பீட்டில் கலந்துகொண்டது. அதன் கோப்புகளும் இந்த விதிப்படிதான். அத்தகைய மாதிரிகளைச் சரிபார்க்கப் பழைய பதிவேடுகளும் வேண்டும். இங்கேதான் ஆபத்து. அந்த நாளில் நம் நாட்டில் வெப்பமானியைக் கூரை வேய்ந்த திறந்த கொட்டகையில் தொங்கவிட்டார்கள். பின்னால் ஸ்டீவன்சன் பெட்டிக்கு மாற்றினார்கள். எந்த ஊரில் எந்த ஆண்டு மாற்றினார்கள் என்ற குறிப்பு தொலைந்துபோனால், கொட்டகை மாறியதைப் பருவநிலை மாறியதாக நினைத்துவிடுவோம். உண்மையாகவே ஏறிய வெப்பத்தைக் கொட்டகைமேல் போட்டுத் தள்ளிவிடவும் கூடும். அளவெடுப்பவர் வராத நாளுக்கு 0 எழுதினால், பெய்த மழையும் வறட்சியாகிவிடும். 2020 மே 20-ல் அம்பான் புரட்டிப் போட்ட சுந்தரவனத்தில் கரையை எவ்வளவு உயர்த்துவது என்று தீர்மானிப்பவர் நம்பியிருப்பது இந்தக் கணக்குகளைத்தான்.

லேக் மார்க்கெட் நண்பர்களுக்கு இன்னொரு செய்தி. வானிலைத் துறையின் கணக்கில் மழைநாள் என்பது காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை, முடியும் நாளின் தேதியில்தான் பதிவு. நேற்று ராத்திரி அவர்கள் மாடியில் கொட்டிய மழை ஆலிப்பூர் ஏட்டில் இன்றைய தேதியில் இருக்கும்.