வீடும் ஊரவையும்



ஒரு சிற்றூரில் நூறு குடிசைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவ்வூரில் இருபது வீடுகள் கட்டுவதற்கு அரசாங்கம் பணம் ஒதுக்குகிறது. அந்த இருபது வீடுகளும் யாருக்கு? முடிவு செய்ய வேண்டியவர் யார்? தலைநகரில் அமர்ந்து கோப்புகளைப் பார்க்கும் அதிகாரியா? ஊரிலே செல்வாக்குடைய பெரிய மனிதரா? அல்லது, ஐப்பசி மழையில் எந்தக் கூரை ஒழுகும் என்பதை நேரில் அறிந்த ஊர் மக்களா? எளிதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை காண நம் நாட்டுக்கு நெடுங்காலம் ஆயிற்று. அந்த வரலாற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

ஊர் கூடிப் பேசுவது நமக்குப் புதியது அன்று. காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பற்றி நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவை பொறிக்கப்பட்டன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, குடவோலை முறையில் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தனர். ஏரியைக் காக்க ஒரு வாரியம், தோட்டங்களைக் கவனிக்க ஒரு வாரியம் என்று பணிகளைப் பகுத்துக்கொண்டனர். பதவியில் இருந்தபோது கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படத் தகுதியற்றவர் என்றும் விதித்தனர். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கல்லில் எழுதிவைத்த மக்களை நினைத்து நாம் பெருமை கொள்ளலாம்.

ஆயினும் அக்கல்வெட்டின் மற்றொரு பகுதியையும் மறைக்காமல் படிக்க வேண்டும். அவ்வவையில் இடம்பெற யாருக்குத் தகுதி? இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராக இருத்தல் வேண்டும். தம் சொந்த மனையில் கட்டிய வீட்டில் வாழ்தல் வேண்டும். 921-ஆம் ஆண்டு விதியின்படி, முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்கு உட்பட்டவராக இருத்தல் வேண்டும். வேதக் கல்வியும் வேண்டும். அது அந்தணர்க்குரிய ஊரின் சபை. நிலமற்ற உழவருக்கும், கூலியாளருக்கும், பெண்களுக்கும் அங்கு இடமில்லை. சொந்த வீடு உடையவரே ஊருக்காகப் பேசலாம் என்றால், வீடு இல்லாதவரின் துன்பத்தை எடுத்துரைப்பவர் யார்? இக்கேள்வியை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

நாடு விடுதலை பெற்றபின், 1950-ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவு, கிராமப் பஞ்சாயத்துகளை அமைக்க அரசு முயல வேண்டும் என்று நெறி காட்டியது. ஆனால் அது வழிகாட்டும் நெறியே. நீதிமன்றம் சென்று வற்புறுத்தக்கூடிய உரிமை அன்று. பின்னர் 1952-ஆம் ஆண்டு காந்தியடிகள் பிறந்த நாளாகிய அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. முதலில் 55 இடங்களில் வேலை தொடங்கியது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழ 300 கிராமங்களும் 2 லட்சம் மக்களும் அடங்கினர். வேளாண்மை, சாலை, பள்ளி, சுகாதாரம், வீட்டு வசதி ஆகிய அனைத்தையும் ஒருங்கே வளர்ப்பது நோக்கம். கிராம சேவகர் என்னும் ஊழியர் ஊர் ஊராகச் சென்றார். சாலை போட மக்கள் மண் சுமந்தனர்; பள்ளிக்கூடத்துக்குச் சுவர் எழுப்பினர்.

நோக்கம் உயர்ந்ததே. எனினும் ஒரு குறை விரைவிலேயே புலப்பட்டது. எதைக் கட்டுவது, எவ்வளவு செலவிடுவது என்பன மேலிடத்தில் முடிவாயின. மக்களிடம் உழைப்பைக் கேட்டனரேயன்றிக் கருத்தைக் கேட்கவில்லை. இத்திட்டத்தை ஆராய, 1957-ஆம் ஆண்டு பல்வந்தராய் மேத்தா தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அளித்த அறிக்கையில் அக்குழு ஒளிவு மறைவின்றிக் கூறியது: மக்களின் தன்முயற்சியைத் தூண்டுவதில்தான் இத்திட்டம் பெரிதும் பின்தங்கிவிட்டது, தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகளிடம் பொறுப்பையும் பணத்தையும் ஒப்படைத்தாலன்றி மக்கள் முன்வரமாட்டார்கள். அரசாங்கம் தன் திட்டத்தின் குறையைத் தானே ஆராயச் செய்து, அந்த முடிவை ஏற்றுக்கொண்டது நம் குடியரசு வரலாற்றில் நினைவுகொள்ளத்தக்க நிகழ்ச்சியாகும்.

அதன் விளைவாக, 1959-ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று இராசஸ்தானத்து நாகௌரில் நேரு பெருமகனார் மூன்றடுக்குப் பஞ்சாயத்து முறையைத் தொடங்கிவைத்தார். அக்காலத்துச் சென்னை மாநிலத்தில், காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டம் நிறைவேறியது. ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. ஆனால் தொடக்கத்தில் இருந்த ஆர்வம் நிலைக்கவில்லை. நம் மாநிலத்தில் 1970-ஆம் ஆண்டுக்குப் பிறகு 1986-இல்தான் ஊராட்சித் தேர்தல் நடைபெற்றது. அதற்கு அடுத்தது 1996-இல். தேர்தலை நடத்துவதும் நடத்தாததும் ஆள்வோர் விருப்பமாக இருந்தவரை, ஊர் மக்களைக் கேட்பதும் அவர்கள் விருப்பமாகவே இருந்தது.

இந்நிலையை மாற்றியது அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம். 1992-ஆம் ஆண்டு இறுதியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அத்திருத்தம், 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தவேண்டியது கடமையாயிற்று. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத இடங்கள் உறுதியாயின. இவற்றோடு கிராம சபை என்னும் அமைப்பும் அரசியலமைப்பில் இடம்பெற்றது. அச்சபையின் உறுப்பினர் யார்? ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும்! நிலம் வேண்டா, சொந்த மனை வேண்டா, எழுத்தறிவும் வேண்டா. உத்திரமேரூரில் கதவுக்கு வெளியே நின்றவர் அனைவரும் இங்கே உறுப்பினர். 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இதனை நம் மாநிலத்தில் நிலைநாட்டியது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகிய நாட்களில் கிராம சபை கூடுவது வழக்கமாயிற்று.

அண்டை மாநிலமாகிய கேரளம் இதில் துணிவான ஒரு சோதனையைச் செய்தது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 17 அன்று அங்கு மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியது. மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காடு வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கப்பட்டது. மக்கள் சிறு சிறு குழுக்களாக அமர்ந்து தம் தேவைகளைச் சொல்ல, ஊர்தோறும் வளர்ச்சி அறிக்கை எழுதப்பட்டது. கையில் பணம் உண்டு என்று தெரிந்தபோது மக்களின் பேச்சுக்கு ஒரு பொருள் கிடைத்தது என்பதே அதிலிருந்து நாம் அறியும் பாடம்.

இனி வீட்டுக்கு வருவோம். ஏழைகளுக்கு வீடு கட்டித்தரும் இந்திரா நினைவுக் குடியிருப்புத் திட்டம் 1985-ஆம் ஆண்டு தோன்றியது. 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அதனிடத்தில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் வந்தது. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1,20,000 ரூபாய் என்று உதவித்தொகை வகுக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து பெயர்கள் எடுக்கப்பட்டன. அப்பட்டியலைக் கிராம சபையில் வைத்துச் சரிபார்க்க வேண்டும் என்பது விதி.

நான் தலைமையாசிரியராக இருந்த ஊரில், 2016-ஆம் ஆண்டு விடுதலை நாளன்று, கொடியேற்றம் முடிந்தபின் பள்ளி வளாகத்து வேப்பமரத்தடியில் கிராம சபை கூடியது. ஊராட்சிச் செயலர் பட்டியலை உரக்கப் படித்தார். ஒரு பெயர் வந்ததும் வயது முதிர்ந்த கூலியாள் ஒருவர் எழுந்து, "அவருக்குத்தான் தளம் போட்ட வீடு இருக்கிறதே, ஐயா!" என்றார். கூட்டம் ஆமோதித்தது, அப்பெயர் நீக்கப்பட்டது. பட்டியல் முடிந்ததும் ஒரு கைம்பெண் எழுந்து நின்றார். "என் பேரு வரலையே, சாமி?" என்பது மட்டுமே அவர் கேட்டது. கணக்கெடுக்க ஆள் வந்தபோது அவர் வெளியூர்ச் செங்கற்சூளையில் வேலையில் இருந்தார். பூட்டிய குடிசையைக் கண்டு ஆள் திரும்பிவிட்டார் போலும். சபைக்கு அப்போது தகுதியற்ற பெயரை நீக்கும் அதிகாரம் இருந்தது. விடுபட்ட பெயரைப் பட்டியலில் சேர்க்கும் அதிகாரம் இல்லை. தனியே குறித்து மேலே அனுப்பலாம், அவ்வளவே. தீர்மானப் புத்தகத்தில் அவர் பெயர் எழுதப்பட்டது.

அவ்வம்மையாரின் மகன் என் பள்ளி மாணவன். ஆண்டில் பாதி நாள் அவன் பெயருக்கு எதிரே வருகைப் பதிவேட்டில் வரவில்லை என்றே குறித்துவந்தோம். ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் அக்குடிசை வரை சென்று கேட்டதில்லை. கணக்கெடுக்க வந்தவர் செய்த பிழையையே நானும் செய்திருந்தேன் என்பது அந்த வேப்பமரத்தடியில் எனக்கு விளங்கியது. விடுபட்டோரைக் கண்டறிய 2018, 2019-ஆம் ஆண்டுகளில் புதிய கணக்கெடுப்பு நடந்தபோது அவர் பெயர் சேர்ந்தது. நான் ஓய்வு பெற்றபின் ஒருமுறை அவ்வூருக்குச் சென்றேன், வீடு எழும்பியிருந்தது. ஆனால் அதற்குள் மகன் படிப்பை விட்டுச் சூளைக்கே போய்விட்டான்.

மாணவர்களே, கேட்பது காலத்தில் நடைபெற வேண்டும் என்பதற்காகவே இதனைச் சொன்னேன். சபை கூடும் செய்தி முன்கூட்டியே ஊர் முழுவதும் தெரிய வேண்டும். கூலி வேலைக்குச் செல்வோர் வரத்தக்க நேரத்தில் கூட வேண்டும். பட்டியலும் வரவுசெலவும் எல்லாருடைய காதிலும் விழும்படி படிக்கப்பட வேண்டும். பேசியவை தீர்மானப் புத்தகத்தில் ஏற வேண்டும்; ஏறியவை அடுத்த கூட்டத்தில் என்னவாயின என்று கேட்கப்பட வேண்டும். இவை சட்டத்தால் மட்டும் நிகழ்வன அல்ல. வந்து கேட்கும் மக்களால் நிகழ்வன.

பதினெட்டு வயது நிறைந்து, கிராமத்து வாக்காளர் பட்டியலில் உங்கள் பெயர் ஏறும் நாளில் நீங்களும் அச்சபையின் உறுப்பினர். அதுவரை ஒன்று செய்யலாம். அடுத்த கிராம சபை அறிவிப்பை உங்கள் தெருவில் எழுத்தறியாத முதியவர் ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். பூட்டிய வீடு எதுவும் உங்கள் தெருவில் உண்டா, அதில் வாழ்வோர் எங்கே சென்றார்கள் என்று பார்த்து, அவர்கள் பெயரை ஊராட்சிச் செயலரிடம் சொல்லிவையுங்கள்.