பழைய வீட்டுப் பெயிண்ட்டும் பிள்ளைகளின் இரத்தத்தில் கலக்கும் ஈயமும்

நோன்புப் பெருநாளுக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே நமது ஊர்களில் பெயிண்டர்களுக்கு வேலை குவிந்துவிடும். கதவு, ஜன்னல், கிரில், ஊஞ்சல் என்று எல்லாவற்றிலும் பழைய பூச்சைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, புதுப் பூச்சு ஏற்றுவார்கள். அப்போது பறக்கும் தூசியைப் பற்றிய நமது கவலை, தும்மல் வரும், துணிமணி அழுக்காகும் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஆனால் அந்த வீட்டில் தவழும் குழந்தையோ கர்ப்பிணிப் பெண்ணோ இருந்தால் அந்தத் தூசி சாதாரணத் தூசியல்ல. பழைய எனாமல் பெயிண்ட்டில் ஈயம் இருக்கிறது. சுரண்டும்போது அது மாவாகித் தரையிலும் பாயிலும் படிகிறது. குழந்தையின் கை தரையைத் தொட்டு வாய்க்குப் போகிறது. ஈயம் உடம்புக்குள் போக இந்த ஒரு வழியே போதும்.

ஈயம் என்ற சொல்லை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். தமிழில் இரண்டு உலோகங்களை இந்த ஒரே பெயரால் அழைக்கிறோம். செம்புப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும், ரசம் வைக்கும் ஈயச் சொம்பும் வெள்ளீயம். அதனால் இந்தக் கேடு இல்லை. மீன்வலையில் கட்டும் குண்டிலும், பேட்டரியிலும், பழைய காலத்துத் தண்ணீர்க் குழாயிலும் இருப்பது காரீயம். நாம் பேசுவது இதைப் பற்றி. (வெள்ளீயம் விலை கூடியது, காரீயம் மலிவு. பிரியாணி தேக்சாவுக்கு ஈயம் பூசக் கொடுப்பவர்கள் கலப்படமில்லாததா என்று கேட்டுக் கொடுப்பது நல்லது.)

பெயிண்ட்டில் காரீயத்தைச் சேர்த்ததற்குக் காரணங்கள் உண்டு. வெள்ளை ஈயம் என்ற சேர்மம் அழுத்தமான வெண்மையைத் தந்தது. ஈயக் குரோமேட் பளிச்சென்ற மஞ்சளையும் ஆரஞ்சையும் தந்தது. செவ்வீயம் இரும்பைத் துருவிலிருந்து காத்தது. எனாமல் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்கள் உதவின. ஆகவே மரத்திலும் இரும்பிலும் அடிக்கும் எண்ணெய்ப் பூச்சில்தான் இது அதிகம். வெறும் சுண்ணாம்பு அடித்த சுவரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. நமது பழைய வீடுகளில் பார்க்க வேண்டிய இடங்கள் ஜன்னல் கட்டை, கம்பிகள், வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, இரும்பு அலமாரி, பரம்பரையாக வரும் மரத் தொட்டில் ஆகியவையே.

இதை உலகம் கண்டுகொண்ட வரலாறு நமது வீடுகளுக்கு மிக நெருக்கமானது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து வெயில் மிகுந்த பகுதி. அங்கே பிரிஸ்பேன் நகரத்து வீடுகளுக்கு முன்னால் மரக் கைப்பிடி வைத்த வராந்தாக்கள் இருக்கும். பிள்ளைகள் நாளெல்லாம் அங்கேதான் விளையாடுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஈய நச்சு கண்டிருப்பதை மருத்துவர்கள் கவனித்தார்கள். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1904இல் கண் மருத்துவரான லாக்ஹார்ட் கிப்சன், வராந்தாக் கைப்பிடியின் பெயிண்ட்தான் காரணம் என்று சுட்டிக்காட்டினார். வெயிலில் பூச்சு பொடியாகி உதிர்கிறது. அது பிள்ளைகளின் விரலில் ஒட்டுகிறது. விரல் சூப்புவதாலும் நகம் கடிப்பதாலும் உள்ளே போகிறது என்று விளக்கினார். பிள்ளைகளுக்கு எட்டும் இடங்களில் ஈயப் பெயிண்ட் அடிப்பதைத் தடுக்கும் சட்டம் குயின்ஸ்லாந்தில் வந்தது 1922இல். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்ட்டுக்குத் தடை வந்தது 1978இல். காரணம் தெரிந்த பிறகும் எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று பாருங்கள்!

இந்தியாவில் இன்னும் தாமதம். வீட்டு உபயோகப் பெயிண்ட்டில் ஈயம் 90 பிபிஎம் அளவைத் தாண்டக் கூடாது என்ற மத்திய அரசின் விதி 2016இல் அறிவிக்கப்பட்டு, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பத்து லட்சம் பங்கில் தொண்ணூறு பங்கு என்பது இதன் பொருள். ஆகவே 2017க்கு முன் அடித்த எந்த எனாமல் பூச்சிலும் ஈயம் இருப்பதாக வைத்துக்கொண்டே நடப்பதுதான் பாதுகாப்பு. மேலே புதுப் பூச்சு இருந்தாலும் அடியில் வாப்பா காலத்துப் பூச்சும், அதற்கும் அடியில் பாட்டனார் காலத்துப் பூச்சும் அப்படியே இருக்கும். சந்தேகம் தீர வேண்டுமானால் பெயர்ந்த செதிலை ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம்.

உடம்புக்குள் போன ஈயம் என்ன செய்கிறது? பெரியவர்களை விட நான்கைந்து மடங்கு அதிகமாகச் சின்னப் பிள்ளைகளின் குடல் அதை உறிஞ்சிக்கொள்கிறது. ஆறு வயதுக்குள் மூளை வேகமாக வளரும் பருவம் என்பதால் அடி அங்கேதான் விழுகிறது. வயிற்றுவலி, மலச்சிக்கல், சோகை, காரணமில்லாத எரிச்சல் ஆகியவை வரலாம். மிக அதிகமானால் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகளிடம் வெளியே ஒன்றும் தெரியாது. 1979இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் நீடில்மன், பள்ளிப் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து அதில் ஈயத்தை அளந்தார். நோயாளியாக ஒருநாளும் தெரியாத பிள்ளைகள் அவர்கள். பல்லில் ஈயம் கூடியவர்கள் அறிவுத்திறன் சோதனையில் பின்தங்கினார்கள், வகுப்பில் கவனம் சிதறினார்கள். "படிப்பு ஏறவில்லை, சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்று நாம் அடிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படியோ! இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்லத்தக்க பாதுகாப்பான அளவே இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

இன்னொன்று. ஈயம் எலும்பில் போய்ப் பல பத்தாண்டுகள் தங்கிவிடுகிறது. கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து அது மீண்டும் இரத்தத்துக்கு வந்து கருவிலிருக்கும் குழந்தையை அடைகிறது. சிறுமியாக இருக்கும்போது காப்பது அவள் பெறப்போகும் பிள்ளையையும் காப்பதாகும்.

இனி செய்ய வேண்டியது. பூச்சு உரியாமல், வெடிக்காமல் இருந்தால் அதைச் சுரண்டவே வேண்டாம். லேசாக ஈரத்துணியால் துடைத்துவிட்டு மேலேயே புதுப் பூச்சு அடித்து மூடிவிடலாம். பழையதை எல்லாம் சுரண்டினால்தான் வேலை சுத்தம் என்று சில பெயிண்டர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். நாமும் பிடிவாதமாக இருக்க வேண்டிய இடம் இது. உரிந்திருந்தால், அந்த இடத்தில் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்தே சுரண்டச் சொல்ல வேண்டும். காய்ந்த நிலையில் உப்புத்தாள் போடுவதும், மெஷின் வைத்துத் தேய்ப்பதும், நெருப்புக் காட்டிப் பூச்சை உருக்குவதும் கூடவே கூடாது. கீழே பிளாஸ்டிக் விரிப்பு போட்டு, செதில்களை அதிலேயே சுருட்டிக் கட்டி அகற்ற வேண்டும். கொல்லையில் கொட்டினால் மண்ணில் கலந்து பல ஆண்டுகள் இருக்கும். வேலை முடியும்வரை பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் வேறு வீட்டில் தங்க வைப்பதே நல்லது. பெயிண்டருக்கும் பிள்ளைகள் உண்டு. அவர் நல்ல முகக்கவசம் போடவும், வேலை உடுப்பைக் கழற்றிவிட்டுக் குளித்த பிறகே வீட்டுக்குப் போகவும் நாம் வசதி செய்து கொடுக்கலாம்.

வேலை முடிந்ததும் துடைப்பத்தை எடுக்காதீர்கள். பெருக்கினால் தூசி எழும்பி மறுபடி படியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தரையையும் ஜன்னல் கட்டைகளையும் துடைத்து, வேறு வாளியில் நல்ல தண்ணீர் வைத்து மறுபடி துடைக்க வேண்டும். பழைய வீட்டில் குடியிருப்போர் வாரம் இரண்டு முறை இப்படித் துடைப்பது நல்லது. ஜன்னலைத் திறந்து மூடும்போது கட்டையோடு கட்டை உரசுவதாலேயே தூசி உண்டாகும். சாப்பிடும் முன்னும் தூங்கும் முன்னும் பிள்ளைகளின் கையைக் கழுவிவிட வேண்டும். ஜன்னலோரத்தில் தொட்டிலோ கட்டிலோ போட வேண்டாம்.

புதிதாக வாங்கும் டப்பாவில், ஈயம் 90 பிபிஎம்முக்கு மிகாது என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதி வீட்டு, அலங்காரப் பெயிண்ட்டுகளுக்கு மட்டும்தான். தொழிற்சாலைப் பயன்பாட்டுப் பெயிண்ட்டை மலிவாகக் கிடைக்கிறதென்று வீட்டு கேட்டுக்கு வாங்கி அடிக்க வேண்டாம்.

மக்தப் மதரஸா நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை. நூறு பிள்ளைகள் ஜன்னலோரம் அமர்ந்து ஓதும் பழைய கட்டிடங்கள் நம்மிடம் நிறைய. விடுமுறையிலேயே வேலையை முடித்து, பிள்ளைகள் திரும்புவதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போதும். செலவும் அதிகமில்லை.

உணவும் உதவும். இரும்பு, சுண்ணாம்புச் சத்து குறைந்த பிள்ளைகளின் குடல் ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும். முருங்கைக்கீரை, ஈரல், கேழ்வரகு, பால், நெத்திலி, இவற்றோடு நெல்லிக்காய், கொய்யா கொடுங்கள். மண்ணையும் சுவர்ச் செதிலையும் தின்னும் பிள்ளையை அதட்டுவதோடு விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்; இரத்தசோகை அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஈயமும் அதே வழியில் உள்ளே போயிருக்கலாம்.

இரத்தத்தில் ஈயத்தின் அளவைச் சொல்லும் பரிசோதனை உண்டு. டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று தேடி நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். 45ஐ எட்டினால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து தருவார்கள். அந்த மருந்து ஈயத்தைக் குறைக்கும். மூளைக்கு நேர்ந்த பாதிப்பை மீட்டுத் தராது.

பரிசோதனைக்குப் போகும்போது பெயிண்ட்டைப் பற்றி மட்டுமல்ல, பிள்ளைக்குக் கண்ணில் இடும் சுர்மாவைப் பற்றியும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹதீஸ்களில் வரும் இஸ்மித் என்பதை அஞ்சனக்கல் என்று சொல்வார்கள். இன்று சுர்மா என்ற பெயரில் விற்கப்படும் பல பொடிகள் ஆய்வில் ஈய சல்பைடு என்று தெரியவந்துள்ளன. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. என்ன கலந்தது என்று தெரியாத சுர்மாவைக் கைக்குழந்தையின் கண்ணில் இடுவதை விட்டுவிடுவதே சரி என்பது நமது கருத்து. இட்டு வந்திருந்தால், அந்தச் சிமிழையும் கையோடு எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுங்கள்.