எந்தப் பக்கத்து மாட்டுங்கா?

இங்கே நியூஜெர்சியில் வீடு பார்க்கப் போனால் ஏஜெண்ட் முதலில் எடுத்து வைப்பது பள்ளி மாவட்டத்தின் வரைபடத்தைத்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு விலை, அந்தப் பக்கம் வேறு விலை. வீட்டு வரியில் பள்ளி நடக்கும் நாட்டில் அப்படித்தான் இருக்கும். பெண்ணுக்காக நாங்களும் கோட்டுக்கு உள்ளே ஒரு வீடு வாங்கினோம். கையெழுத்துப் போட்ட அன்று ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது தாராவிதான்.

பம்பாயில் இப்படி ஒரு வரைபடம் கிடையாது. ஆனால் கோடு இருந்தது. அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1896-ல் பம்பாயில் பிளேக் வந்தது. நெரிசல்தான் காரணம் என்று அரசாங்கம் 1898-ல் இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட் ஒன்றை அமைத்தது. தாதர், மாட்டுங்கா பகுதியில் அகலத் தெருக்களும் பூங்காக்களும் வந்தது இந்த டிரஸ்டின் திட்டத்தால். ரயில்வேயிலும் கம்பெனிகளிலும் குமாஸ்தா வேலைக்கு வந்த நம் ஊர்க்காரர்கள், பெரும்பாலும் பிராமணக் குடும்பங்கள், மெல்ல அங்கே குடியேறினார்கள்.

தண்டவாளத்துக்கு மேற்கே தாராவி. அங்கே தோல் பதனிடும் பட்டறைகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஆதிதிராவிடர்கள், நாடார்கள், தமிழ் முஸ்லிம்கள். இரண்டு பக்கமும் தமிழ்தான். நடந்தால் பத்து, பதினைந்து நிமிஷம்.

சட்டம் இரண்டு பக்கத்தையும் பிரிக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. 1920-ல் பம்பாய் நகர ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. 1925-ல் மாநகராட்சி கட்டாயக் கல்வியை முதலில் கொண்டுவந்தது எஃப், ஜி என்ற இரண்டு வார்டுகளில். இன்றைக்கும் மாட்டுங்கா எஃப் வடக்கு, தாராவி ஜி வடக்கு. காகிதத்தில் இரண்டும் சமம்.

பிறகு எங்கே பிரிந்தது? பள்ளியை யார் கட்டினார்கள் என்பதில். மாதச் சம்பளமும், சங்கம் வைத்து நன்கொடை திரட்டும் பழக்கமும் இருந்தவர்கள் 1932-ல் மாட்டுங்காவில் சௌத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டியைத் தொடங்கினார்கள். 1960-ல் சயானில் அதன் கல்லூரியும் வந்தது. மாட்டுங்காவில் ஒரு ரூமும் சமையலறையும் கிடைத்தால் போதும், பிள்ளைகள் படித்துவிடும் என்று பாலக்காட்டிலும் தஞ்சாவூரிலும் பேசிக்கொள்ளும் நிலைமை அப்படித்தான் வந்தது. இடம் போதாதவர்கள் பிறகு செம்பூருக்கு நகர்ந்தபோதும் பள்ளி, கோயில், காய்கறிக் கடை எல்லாம் கூடவே போயின.

தாராவியில் முதல் தமிழ்ப் பள்ளி 1924-ல் வந்தது. மாட்டுங்காவின் சொசைட்டிக்கு எட்டு வருஷம் முன்னால்! ஆனால் அடுத்த நாற்பது வருஷம் தாராவிக்கு அந்த ஒரு பள்ளிதான் என்று அதன் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஜனம் பெருகியது, பள்ளி பெருகவில்லை.

இனி என் கதை. நாங்கள் இருந்தது மாட்டுங்கா லேபர் கேம்ப். பெயர்தான் மாட்டுங்கா, இருப்பது தாராவியில். அப்பாவுக்குத் தோல் பட்டறையில் வேலை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஏழாவது வரை படித்தேன். அதற்கு மேல் தமிழில் படிக்க இடம் தேடி அலைய வேண்டும். 1983-ல் அப்பா என்னை ஒரு தனியார் பள்ளிக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம். விண்ணப்பத்தில் விலாசம் எழுதும்போது 'மாட்டுங்கா' என்பதை மட்டும் கொஞ்சம் பெரிதாக எழுதினார். ஆபீஸில் இருந்தவர் தமிழர்தான். படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"எந்தப் பக்கத்து மாட்டுங்கா?"

"லேபர் கேம்ப் சார்."

"சீட் இல்லையேப்பா."

என் மார்க் ஷீட்டை அவர் பிரிக்கவே இல்லை.

அடுத்த வருஷம் அப்பா கேம்ப் ரூமை விற்று, கடனும் வாங்கி, செம்பூர் திலக் நகரில் டெபாசிட் கொடுத்து ஒரு ரூம் எடுத்தார். ஒரு வருஷம் வீணாகி, இங்கிலீஷும் தட்டுத்தடுமாறி, அங்கே ஒரு பள்ளியில் எட்டாவது சேர்ந்தேன். அப்பாவின் வேலை மட்டும் தாராவியிலேயே இருந்தது. தினமும் திலக் நகரில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடப்பார். பதினாறு வருஷம். ஒருநாளும் அலுத்துக்கொண்டதில்லை. நானும் அதைக் கேட்டதில்லை.

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைக் குழந்தைகளுக்கு என்றானது. 2024 பிப்ரவரியில் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டருக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருந்தால் தனியார் பள்ளி அந்த இடங்களைத் தர வேண்டாம் என்று விதியை மாற்றியது. மும்பை போன்ற நெருக்கமான ஊரில் எந்தப் பள்ளிக்குத்தான் ஒரு கிலோமீட்டருக்குள் இன்னொரு பள்ளி இல்லை? அதே வருஷம் ஜூலையில் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. செய்தியைப் படித்தபோது அந்த ஆபீஸ்காரரின் முகம்தான் ஞாபகம் வந்தது.

கோடு போட்டவர்களை நான் திட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நானும் இப்போது கோட்டுக்கு உள்ளேதான் இருக்கிறேன். எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு பெரிய சாலை. அதற்கு அந்தப் பக்கம் வேறு மாவட்டம், வாடகை மலிவு. காலையில் பெண்ணை பஸ் ஏற்றிவிடும்போது, எதிர்ப்பக்கம் இன்னொரு பஸ்ஸுக்காகச் சில பிள்ளைகள் நிற்கும். கூட ஒரு அப்பா, வேலைக்குப் போகிற சட்டையோடு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நாங்கள் இரண்டு பேரும் கையசைத்துக்கொள்வோம். அதற்கு மேல் பேசியதில்லை.