மனிதப் பல்: வகை, அமைப்பு, பிடிமானம்

மனிதருக்குப் பற்கள் இரண்டு முறை முளைக்கின்றன. முதலில் 20 பாற்பற்கள், அவற்றைத் தொடர்ந்து 32 நிலையான பற்கள். தாடையின் ஒரு பாதியை முன்னிருந்து பின்னாக எண்ணினால் வெட்டும்பல் 2, வேட்டைப்பல் 1, முன்கடைவாய்ப்பல் 2, கடைவாய்ப்பல் 3. கடைசிக் கடைவாய்ப்பல்லான ஞானப்பல் 17 வயதுக்கு மேல் வரும். சிலருக்கு வருவதே இல்லை. பாற்பல் வரிசையில் முன்கடைவாய்ப்பல் கிடையாது.

இலங்கை மலையகத்தின் மடுல்சீமைத் தோட்ட லயங்களில் பிள்ளைகள் கூரைமேல் எறியும் பாற்பல்லை ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு வேர் இராது. அடியில் நிலையான பல் மேலெழ மேலெழ, பாற்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்துவிடுகிறது. உட்குழிந்த தலைப்பகுதி மட்டுமே கைக்கு வருகிறது. ஆறு வயதில் முளைக்கும் முதல் கடைவாய்ப்பல்லோ, எந்தப் பாற்பல்லும் விழாமலே வரிசையின் பின்னால் வந்து நிற்கும். விழுந்து முளைக்கப்போகிற பல்தானே என்று வீட்டார் விட்டுவிடுவதால், வாழ்நாள் முழுவதும் இருக்க வேண்டிய அந்தப் பல்லையே சொத்தை முதலில் பிடிக்கிறது.

பல்லின் வெளிப்பூச்சு மிளிரி, அதாவது எனாமல். எடையில் 96 சதவீதம் கனிமம். உடலில் இதைவிடக் கடினமான பொருள் இல்லை. அதை உருவாக்கிய உயிரணுக்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், போன மிளிரி திரும்ப வளராது. ஆனால் மண்ணுக்குள் அது நெடுங்காலம் நிற்கும். பட்டதொம்ப குகை, பாஹியன் குகை முதலிய இடங்களில் கிடைத்த பற்களின் மிளிரியைப் பகுத்துத்தான், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இலங்கையில் மனிதர் மழைக்காட்டு உணவை நம்பி வாழ்ந்தனர் என்று பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் 2015இல் நிறுவினர். குழந்தைப் பருவத்தில் குடித்த தண்ணீரும் மிளிரியில் பதிகிறது. ஊவாவின் தாழ்நிலமான மொனராகலைப் பக்கம், ஃபுளோரைடு மிகுந்த கிணற்று நீரைக் குடித்து வளர்ந்தவர்களின் முன்பற்களில் பழுப்புத் திட்டுகள் தெரிவது அதனால்தான்.

மிளிரிக்கு உள்ளே பன்முதல். அதற்கும் உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் ஓடும் பற்கூழ். வேரைச் சீமெந்துப் படலம் மூடியிருக்கிறது. அதிலிருந்து புறப்படும் நுண்ணிய நார்கள் தாடை எலும்பைப் பற்றிக்கொள்கின்றன. பல் நிற்பது இந்தப் பிடிமானத்தில்தான்.

இதை உலகுக்குக் காட்டியவர்கள் மலையகத் தோட்டத் தொழிலாளர்கள். நார்வேயின் ஹரால்ட் லோ குழுவினர் 1970இல் டன்சினன், ஹரோ தோட்டங்களைச் சேர்ந்த 480 ஆண்களின் வாயைப் பரிசோதித்து, 1985 வரை திரும்பத் திரும்ப வந்து பார்த்தனர். அவர்களில் எவருக்கும் பல் மருத்துவம் கிட்டியதில்லை. பிரஷ் பழக்கமும் இல்லை. பல்லெல்லாம் காரையும் கறையும். ஈறு வீங்காதவர் அரிது. ஆனால் சொத்தைப்பல் ஏறக்குறைய இல்லவே இல்லை. அப்படியிருந்தும் பற்கள் விழுந்தன, ஈறும் எலும்பும் கைவிட்டதால். சுமார் 8 சதவீதத்தினர் 45 வயதுக்குள் எல்லாப் பற்களையும் இழந்தனர். 81 சதவீதத்தினர் அதே வயதில் சராசரியாக 7 பற்களை இழந்திருந்தனர். எஞ்சிய 11 சதவீதத்தினருக்கு அதே காரை, அதே ஈறு வீக்கம். பல் மட்டும் விழவில்லை. ஆக, அழுக்கு மட்டும் பல்லை விழுத்துவதில்லை. அதை உடல் எதிர்கொள்ளும் விதமே முடிவு செய்கிறது. ஈறு நோயைப் பற்றிய பாடநூல்கள் இன்றும் எடுத்தாளும் இந்த எண்கள், வைத்தியம் எட்டாத மனிதர்களின் வாயிலிருந்து வந்தவை. அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. 2010இல் மறுபடி தேடியபோது பரிசோதிக்க முடிந்தவர்கள் 75 பேர்.

இப்போது தோட்டக் கடைகளில் பிரஷும் பற்பசையும் கிடைக்கின்றன. வெற்றிலை போடும் வழக்கமும் தொடர்கிறது. பெரிய பல் சிகிச்சை என்றால் மடுல்சீமை மக்கள் பசறை வழியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு இறங்குகின்றனர்.