எல்லைக்கல்லும் தீர்ப்பும்

நெகிரி செம்பிலானின் தம்பினும் மலாக்காவின் அலோர் காஜாவும் அண்டை நிலங்கள். இரண்டிலும் தமிழர் பால்மரம் சீவினர். ஆயினும் ஆங்கிலேயர் ஆட்சியில், கொலை வழக்கு விசாரிக்கப்படும் முறையை எல்லைக்கல்லே வகுத்தது. மலாக்காவில் ஏழு ஜூரிகள் தனியறையில் கலந்தாய்வர்; தீர்ப்புக்கு ஐவரேனும் ஒன்றுபட வேண்டும். நெகிரி செம்பிலானிலோ, நீதிபதியுடன் அசெசர் எனும் துணைவர் இருவர் அமர்ந்து தத்தம் கருத்தை மட்டும் உரைப்பர்.

அக்கருத்தின் வலு எத்துணை? அசெசர் முறையே நிலவிய பேராவில், 1952ஆம் ஆண்டு, கையெறிகுண்டு வைத்திருந்ததாக லீ மெங் எனும் பெண் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருக்காக வாதாடியவர் எஸ். பி. சீனிவாசகம் எனும் தமிழர். ஆசிய அசெசர் இருவரும் குற்றமற்றவர் என்றனர். நீதிபதி உடன்படாது மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். அதில் ஐரோப்பிய அசெசர் குற்றவாளி என்றார், ஆசியர் மறுத்தார். நீதிபதி ஐரோப்பியரின் கருத்தை ஏற்று மரண தண்டனை விதித்தார். 1953இல் பேரா சுல்தான் அதனைச் சிறைத் தண்டனையாகக் குறைத்தார்.

விடுதலைக் காலத்தையொட்டி, மரண தண்டனைக்குரிய வழக்குகளில் ஜூரி முறை நெகிரி செம்பிலானுக்கும் வந்தது. 1995இல் நாடெங்கும் நீங்கியது. தோட்ட வரலாறு எழுதுவோர் கூலியையும் குடியிருப்பையும் ஆராய்வதோடு, அம்மக்களுக்குத் தீர்ப்புரைத்தவர் யாவர் என்பதையும் ஆராய்தல் வேண்டும்.