செம்பெடாக் லெக்டின் எதை அளந்தது? 35 கிலோடால்டன் துண்டு குறித்த ஒரு மறுவாசிப்பு

மார்பகப் புற்று, எபிதீலியச் சினைப்பைப் புற்று, கருவணுச் சினைப்பைப் புற்று ஆகிய மூன்றிலும் ஐ.டி.ஐ.எச்.4 (இன்டர்-ஆல்ஃபா டிரிப்சின் தடுப்பியின் கனச்சங்கிலி எச்4) புரதத்தின் 35 கிலோடால்டன் துண்டு சீரத்தில் கூடுகிறது. மூக்குத்தொண்டைப் புற்றிலும் ஆஸ்டியோசார்கோமாவிலும் கூடவில்லை. கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஓன் ஹாஜி ஹாஷிம் குழுவினர் 2008இல் வெளியிட்ட இந்த முடிவைப் ‘புரதத்தின் அளவு கூடியது’ என்று சுருக்கி எடுத்தாளும் போக்கு ஒன்று உண்டு. அந்த வாசிப்பு எனக்கு ஏற்புடையதன்று.

அவர்களின் செய்முறையை அருகில் வைத்துப் பார்ப்போம். செம்பெடாக் பழத்தின் கொட்டையை அரைத்து, உப்புக் கரைசலில் ஊறவைத்து, காலக்டோஸ் பதித்த பத்தியில் ஓட்டினால், சர்க்கரையைப் பற்றும் புரதமான லெக்டின் மட்டும் தங்கும். மீண்டும் காலக்டோஸ் ஊற்றினால் கழன்று வரும். இருபரிமாண ஜெல்லில் பிரித்த சீரப் புரதங்களைச் சவ்வுக்கு மாற்றி அதன்மேல் இந்த லெக்டினைப் படியவிட்டால், சர்க்கரைத் தொடர் ஏதும் இல்லாத அல்புமின் கண்ணிலேயே படாது. அல்புமின் பெருக்கில் மூழ்கிக் கிடந்த சிறு புள்ளிகள் எழுந்து வரும். அளவைச் சொன்னது லெக்டின் பட்ட புள்ளியின் செறிவு. பெயரைச் சொன்னது நிறைநிறமாலை. இவ்விரண்டையும் ஒரே அளவீடாகப் படிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

அந்தப் புள்ளி கருமையாவதற்கு வழிகள் மூன்று. கல்லீரல் ஐ.டி.ஐ.எச்.4ஐக் கூடுதலாகச் சுரக்கலாம். சுரந்ததைக் கல்லிக்ரீன் போன்ற நொதிகள் கூடுதலாக வெட்டலாம். அல்லது துண்டின் மேலுள்ள சர்க்கரைத் தொடரே மாறி, லெக்டின் இன்னும் இறுகப் பிடிக்கலாம். முதல் வழியே காரணம் என்றால் மூக்குத்தொண்டைப் புற்று விடை சொல்ல வேண்டும். அந்நோயாளிகளின் சீரத்தில் செருலோபிளாஸ்மின் கூடியிருப்பதை இதே குழு 2006இல் காட்டியது. செருலோபிளாஸ்மினும் ஐ.டி.ஐ.எச்.4உம் அழற்சியின்போது கல்லீரல் கூட்டித் தரும் புரதங்கள். கல்லீரல் தூண்டப்பட்டிருந்தும் துண்டு கூடவில்லை. நோயாளித் தொகுதிகள் வேறு, நோய்நிலைகளும் ஒத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே இதை முடிந்த முடிவாக வைக்கவில்லை. ஆயினும் சான்று சாய்வது வெட்டின் பக்கமும் சர்க்கரையின் பக்கமும்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியானால் ஜெல்லை விட்டுவிட்டு, லெக்டினால் சேகரித்த புரதங்களை டிரிப்சினால் செரித்து நேரே நிறைநிறமாலைக்குக் கொடுத்துவிடலாமே என்பர். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 35 கிலோடால்டன் துண்டு தொடங்குவது 689ஆம் அமினோ அமிலத்தில். அதற்கு முந்தைய 688ஆம் இடத்தில் இருப்பது ஆர்ஜினின். டிரிப்சினும் ஆர்ஜினினை அடுத்தே வெட்டும். உடலில் நிகழ்ந்த வெட்டும் ஆய்வகத்தில் நாம் வெட்டுவதும் ஒரே தடயத்தையே விட்டுச்செல்லும். சர்க்கரை ஒட்டும் 701ஆம் திரியோனின் அந்த வெட்டுக்குச் சற்றே அப்பால் இருப்பதால், முழுப் புரதமும் துண்டும் லெக்டினில் சேர்ந்தே சிக்கும். பழையது என்று ஒதுக்கப்படும் ஜெல்தான் 120 கிலோடால்டன் முழுப் புரதத்தையும் துண்டையும் பருமனால் பிரித்து வைத்திருந்தது.

ஆதலால் லெக்டினையும் நிறைநிறமாலையையும் இணைக்கும் முறை வேறு விதமாக அமைய வேண்டும். செரிப்பதற்கு முன்பே புரதங்களின் தொடக்க முனைகளுக்கு வேதிக் குறியிட்டால், 689இல் தொடங்கும் முனை தனித்துத் தெரியும். வெட்டுக்கு முந்தைய பகுதியின் பெப்டைடு ஒன்றையும் பிந்தைய பகுதியின் பெப்டைடு ஒன்றையும் கன ஐசோடோப்பு இட்ட நியமங்களோடு முழுச் சீரத்தில் அளக்க வேண்டும். பிறகு லெக்டின் பிடித்த பகுதியிலும் அதையே செய்ய வேண்டும். முழுச் சீரத்திலும் லெக்டின் பகுதியிலும் கண்ட அளவுகள் ஒத்துப்போனால் புரதத்தின் அளவு மாறியிருக்கிறது. விலகினால் புரதத்தின் உருவம் மாறியிருக்கிறது. அந்த விலகலையே உயிர்க்குறியாக எண்ணத் துணிய வேண்டும்.

குருதி உறையும்போது குழாயிலேயே வெட்டு நிகழ்கிறதே என்பது வலுவான மறுப்பு. கிள்ளானில் எடுத்த குருதி கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்து கோலாலம்பூருக்கு வரும் நேரமும் கணக்கில் சேரும். ஒரே நோயாளியிடமிருந்து சீரமும் பிளாஸ்மாவும் எடுத்து, நேரம் குறித்து ஒப்பிட்டால் இது தீரும். எதிர்ப்பான் தொகுதிகள் இப்போது ஆயிரக்கணக்கான புரதங்களை அளக்கும்போது லெக்டின் எதற்கு என்ற கேள்வியில் எனக்கு வலு தெரியவில்லை. எதிர்ப்பான் எந்தப் பக்கத்தைப் பிடிக்கிறது என்று அறியாதவரை வெட்டு அதற்குத் தெரியாது. ஐஸ்லாந்து மாதிரிகளில், எதிர்ப்பான் வழி அளக்கும் ஓலிங்கையும் ஆப்டமர் வழி அளக்கும் சோமாஸ்கேனையும் 2023இல் ஒப்பிட்டபோது இடைநிலை ஒட்டுறவு 0.33 மட்டுமே. அதைக் கருவிப் பிழை என்று மட்டும் தள்ளிவிட முடியாது. எதிர்ப்பான் பிடிக்கும் இடத்தில் மரபு வேறுபாடு இருந்தாலும் அளவு பொய்க்கும். மலாய், சீன, இந்திய மக்கள் சேர்ந்து வாழும் கிள்ளான் பள்ளத்தாக்கில் இது சிறிய செய்தியன்று. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம் நடத்தும் மலேசியன் கோஹார்ட் என்னும் மக்கள் தொகுதி ஆய்வில் 106,527 பேர் இருக்கிறார்கள். அவர்களுள் பின்னாளில் மார்பகப் புற்று கண்டவர்களின் பழைய மாதிரிகளில் 689ஆம் முனையை முதலில் தேடலாம்.